முண்ணாண் காயம்: கால்களோடு முடிவதில்லை

தென்னையிலிருந்து விழுந்தவரையோ, அக்கரைப்பற்று வீதியில் மோட்டார் சைக்கிளோடு தூக்கி வீசப்பட்டவரையோ பார்க்க வரும் சொந்தக்காரர் முதலில் கேட்பது, "கால் விளங்குதா?" என்றுதான். ஆனால், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் காயப்பட்டால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மூச்சிலும் இரத்த ஓட்டத்திலுமே வருகிறது. கல்முனைப் பக்கத்து வீடுகள் அறிய வேண்டியவை இவை.

நம்பிக்கை: நெஞ்சில் அடியில்லை, மூச்சுக்குப் பயமில்லை.

உண்மை: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டுத் தசைக்கான நரம்பு, கழுத்துப் பகுதி முண்ணாணின் 3, 4, 5ஆம் துண்டங்களிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே முற்றாகச் சேதமானால் இயந்திரமின்றி மூச்சில்லை. அதற்குச் சற்றுக் கீழே அடிபட்டவர் தானாக மூச்சு விடுவார். ஆனால் விலாத் தசையும் வயிற்றுத் தசையும் சோர்வதால் இருமப் பலமிராது. சளி தங்கி நியூமோனியாவாகும். அவர் இருமும் அதே நொடியில் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து உள்ளும் மேலுமாக அழுத்தினால் சளி வெளியேறும். பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்துக் காட்டித் தந்த பிறகே இதைச் செய்யலாம்.

நம்பிக்கை: மூச்சு வாங்கினால் நிமிர்த்தி இருத்த வேண்டும்.

உண்மை: கழுத்தில் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் மட்டமாகப் படுத்தால்தான் மூச்சு இலகு. திடீரென இருத்தினால் பிரஷர் இறங்கி மயக்கமும் வரும். படிப்படியாக உயர்த்துங்கள், வயிற்றுப் பட்டி உதவும்.

நம்பிக்கை: திடீர்த் தலையிடியும் முகம் சிவந்து வியர்ப்பதும் வெயிலால் வருவது.

உண்மை: நெஞ்சுப் பகுதியின் 6ஆம் துண்டத்திலோ அதற்கு மேலோ காயமிருந்தால், சலம் அடைத்தாலே பிரஷர் ஆபத்தாக ஏறும்; இவை அதன் அடையாளம். மேலே சொன்னதற்கு மாறாக, இந்த வேளையில் உடனே நிமிர்த்தி இருத்துங்கள். உடுப்பைத் தளர்த்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

நம்பிக்கை: வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவினால் நரம்பு உயிர்க்கும்.

உண்மை: ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும். உணர்வில்லாத தோலில் சுடு ஒத்தணமும் வேண்டாம். வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

நம்பிக்கை: நடக்கப் போவதில்லை, பிசியோ எதற்கு?

உண்மை: மூச்சு, மூட்டு, தோல், உட்காரும் திறன் எல்லாவற்றையும் காப்பது அதுதான். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் இந்தியாவின் வேலூரில் புனர்வாழ்வு நிலையத்தையும் தொடங்கினார். நம் நாட்டில் ராகமையில் அதற்கென்றே வைத்தியசாலை இருக்கிறது.

ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன், உம்மாவோ காக்காவோ, வீட்டில் இருவராவது இருமலுக்கு உதவவும், 2 மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், சலக்குழாயைக் கவனிக்கவும் பழகி, பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிட்டே புறப்படுங்கள்.