கருவி மனசுல இருக்கு, செஞ்சு தர ஆள் யாரு?

இயற்கை விவசாயிகள் கூட்டம் எங்கே நடந்தாலும், சாப்பாட்டு நேரத்தில் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுக்கும் ஒரு நண்பரைப் பார்க்கலாம். களை எடுக்கிற கருவியோ, சாமை உடைக்கிற மிஷினோ, ஏதோ ஒன்றைப் பேனாவால் வரைந்து வைத்திருப்பார். "சார், இதைச் செஞ்சு குடுக்கிற நல்ல இன்ஜினியர் யாராச்சும் தெரியுமா?" என்பார்.

இந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொல்ல முடியாது. வங்கியில் வந்து "லோன் கிடைக்குமா?" என்று மொட்டையாகக் கேட்பது போலத்தான் இதுவும். எதுக்கு, எவ்வளவு, எப்படித் திரும்பக் கட்டுவீங்க என்று தெரிந்தால்தான் எந்த மேஜைக்கு அனுப்புவது என்று சொல்ல முடியும். முதலில் நம் கருவியில் கஷ்டமான இடம் எது என்று கண்டுபிடிக்கணும். எந்த ஆள் வேண்டும் என்பது அதற்கப்புறம் தானாகவே தெரிந்துவிடும்.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜீவாமிர்தத்தைச் சொட்டுநீர்க் குழாயில் விட வேண்டும். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, கைப்பிடி மண். கரைத்து வைத்தாயிற்று. துணியில் வடிகட்டினால் ரெண்டு குடத்துக்குள் துணி அடைத்துக்கொள்கிறது. சொட்டுநீருக்குப் பொதுவாகச் சொல்லும் 120 மெஷ் வலை, அதாவது சுமார் 130 மைக்ரான் துளை, இந்தக் கரைசலுக்குச் சீக்கிரமே பசை போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு விவசாயி யோசிக்கிறார்: உருளைச் சல்லடை ஒன்று மெதுவாகச் சுத்தட்டும், வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வலையைக் கழுவிக்கொண்டே இருக்கட்டும், சக்கை ஒரு ஓரமாக விழட்டும்.

நல்ல யோசனை. இதில் கஷ்டம் எங்கே? தொட்டியில் இல்லை. மோட்டாரில் இல்லை. சாண நாரும் மாவுப் பசையும் கலந்த, புளித்துக்கொண்டே இருக்கிற ஒரு கூழை, நுண்ணிய வலையில் அடைக்காமல் இறக்குவதுதான் கஷ்டம். அப்படியென்றால் இந்தக் கூழோடு தினம் மல்லுக்கட்டுகிறவர் யார்? சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, நாரைத் தனியே ஒதுக்கி, மாவுப்பாலை மட்டும் சல்லடையில் இறக்குவது அங்கே அன்றாட வேலை. அந்த ஆலைகளுக்குச் சல்லடை செய்து கொடுக்கும் பட்டறைக்காரருக்கோ, அங்கே பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டருக்கோ ஜீவாமிர்தம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. வலையை எந்தப் பக்கத்திலிருந்து கழுவணும், எந்தச் சாய்வில் சக்கை உருளும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

இந்த இயந்திரம் எந்தப் பயிருக்கு என்று தேடாமல், எந்தப் பொருளை என்ன செய்கிறது என்று தேடினால் ஆள் கிடைப்பார். வரகு, சாமை உமி நீக்குவதற்கு அரிசி ஆலை ஃபிட்டரைப் பாருங்கள். வரகின் உமி பல அடுக்கு, கெட்டியானது. நெல்லுக்கான அமைப்பு அப்படியே ஒத்துவராது. ஆனாலும் மோதி உடைப்பதா, தேய்த்து உடைப்பதா, எங்கே நொய் விழுகிறது என்று பேச அவரைவிட்டால் ஆள் இல்லை. களை எடுக்கும் கருவியில் இன்ஜினும் கியரும் வருகிறதென்றால் பவர் டில்லர் பழுது பார்ப்பவர். சட்டமும் தகடும் வெல்டிங்கும்தான் பிரதானம் என்றால் திருச்சி துவாக்குடி, திருச்செங்கோடு ரிக் பட்டறைகள், நாமக்கல் லாரி பாடி கட்டுமிடங்கள். பம்பு சம்பந்தம் என்றால் கோவையைத் தாண்டி யோசிக்க வேண்டியதே இல்லை.

பட்டம் பெற்ற பொறியாளர் வேண்டாமா? வேண்டும், அவருக்குரிய இடத்தில். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுத்துகிறது. நம் சல்லடை 20, 25 சுற்று சுத்தினால் போதும். பெல்ட்டில் மட்டும் இதைக் குறைக்கப் பார்த்தால் ஆளுயரப் புல்லி வேண்டும். 60-க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ் போட்டால் 24 சுற்று. எடைக்கு எத்தனை தடிமன் ஷாஃப்ட், எந்த பேரிங் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும். ஒரு டிராயிங் போட்டுவிட்டால் அடுத்த கருவியை எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். இதற்கு ஒரு டிசைனர் சில நாள் உட்கார்ந்தால் போதும். முழுத் திட்டத்தையும் அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டம் என்பது இன்னொரு வழி. செலவு குறைவு, பிள்ளைகளுக்கும் ஆர்வம் இருக்கும். ஆனால் தேர்வு முடிந்ததும் கருவி கல்லூரியின் ஒரு மூலையில் நின்றுவிடும், செய்தவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அளவெடுப்பது, ஒப்பிட்டுச் சோதிப்பது, கணினியில் வரைவது இவற்றுக்கு அவர்களை அழையுங்கள். உழைக்கிற கருவியை அவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேளாண் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்றால் கோவையிலும் திருச்சி குமுளூரிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆளை எப்படி எடை போடுவது? கடன் கேட்டு வருபவரின் சட்டையைப் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. நேரில் பட்டறைக்குப் போங்கள். வேறு யாருக்காகவோ செய்த கருவி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதை வாங்கியவரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் படத்தைக் காட்டி, "இதுல முதல்ல எது உடையும்?" என்று கேளுங்கள். பேரிங்கில் தண்ணீர் இறங்கும் என்றோ, கோமியம் பட்டால் சாதா இரும்பு சீக்கிரம் அரிச்சுடும், 304 எஸ்எஸ்ஸோ பிளாஸ்டிக்கோ போடணும் என்றோ சொல்பவர் உங்கள் ஆள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அட்வான்ஸ் குடுங்க, பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம்" என்பவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். தோட்டத்துக்கு வந்து பார்க்கிறேன் என்று அவரே கேட்டால் இன்னும் நல்லது.

நாமும் வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர், சிங்கிள் பேஸில் ஓடணுமா, எத்தனை பேர் தூக்கி வைக்கணும், பெண்கள் தனியாக இயக்க முடியணுமா, அதிகபட்சம் என்ன விலைக்குள் அடங்கணும். என்ன வேண்டும் என்பதைக் கறாராக எழுதுங்கள். எப்படிச் செய்வது என்பதில் அவருக்கு இடம் விடுங்கள். அதற்கும் முன்னால் பிளாஸ்டிக் பீப்பாய், கொசுவலை, பிவிசி குழாய் வைத்து வீட்டிலேயே ஒரு கந்தர்கோலமான மாதிரி செய்து, ஒரு வாளி ஜீவாமிர்தத்தைக் கையால் சுற்றி வடித்துப் பாருங்கள். பாதி யோசனைகள் இந்த இடத்திலேயே மாறும், காசு செலவில்லாமல்.

முதல் மாதிரியில் முடிந்த இடமெல்லாம் போல்ட் போடச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்துவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறுக்கணும். பேரிங், பெல்ட், செயின் எல்லாம் தாலுகா ஊரில் கிடைக்கும் அளவாக இருக்கட்டும். வெளியூரில் மட்டும் கிடைக்கிற உதிரி ஒன்று இருந்தாலே, சாகுபடி நடுவில் கருவி படுத்துக்கொள்ளும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். டிராயிங் முடிந்ததும் ஒரு பங்கு, சட்டமும் உருளையும் நின்றதும் ஒரு பங்கு, உங்கள் தோட்டத்தில் உங்கள் கரைசலில் ஓடிக் காட்டியதும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு பத்துத் தடவை ஓடிய பிறகு. வீடு கட்டக் கடன் கொடுக்கும்போது அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று பிரித்துக் கொடுப்பதில்லையா? அதுதான். டிராயிங்கும் அச்சுகளும் யாருக்குச் சொந்தம், இதே கருவியை அவர் வேறொருவருக்குச் செய்து கொடுக்கலாமா என்பதை முதல் பங்கு கொடுக்கும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதுமையில் அவருடைய மூளையும் இருந்தால் அவரும் கண்டுபிடிப்பாளர்தான். அதை மறைப்பது சட்டப்படியும் சரியில்லை, மனசாட்சிப்படியும் சரியில்லை.

காப்புரிமை பற்றி நம் ஆட்கள் நிறைய குழம்புகிறார்கள். விவசாய முறைக்கு இந்தியச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே அதைச் சொல்கிறது. கருவிக்கு உண்டு. ஆனால் கண்காட்சியில் வைத்துவிட்டோ, யூடியூபில் போட்டுவிட்டோ அப்புறம் விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு வைத்தால், முழு விவரம் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும். அந்த ஒரு வருஷத்தில் கருவியைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதையையும் அறிவையும் பகிர்ந்து வளர்ந்த இயக்கம் நம்முடையது. யாரும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று நினைப்பவர், டிராயிங்கோடு தேதி போட்டு இதுபோன்ற பத்திரிகையில் வெளியிட்டுவிட்டால் போதும். அச்சில் வந்துவிட்டதை வேறொரு நிறுவனம் தன் கண்டுபிடிப்பு என்று சொல்லி உரிமை வாங்குவது கடினம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் வீட்டை அடகு வைத்து ரெண்டு வருஷம் உழைத்தவரிடம் போய் சும்மா கொடுத்துடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. எதுவானாலும் வெளியிடும் முன் முடிவு எடுங்கள். வெளியிட்ட பிறகு மனசு மாறினால் பயனில்லை.

தனியாக அலைய வேண்டியதும் இல்லை. பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பின் தமிழ்நாட்டுத் துணை, மதுரையில் உள்ள சேவா அமைப்பு. 2000-இல் தொடங்கிய தேசியப் புத்தாக்க நிறுவனம் குஜராத்தில் இருக்கிறது. எளிய மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேடி எடுத்து, மாதிரி செய்யவும் காப்புரிமைக்கும் உதவுவதே அதன் வேலை. குஜராத்தின் மன்சுக்பாய் படேல் கதை இதற்கு நல்ல பாடம். முழுசாக வெடிக்காத நாட்டுப் பருத்திக் காயிலிருந்து பஞ்சை உரிக்கும் இயந்திரத்தை அவர் செய்தார். விவசாயக் குடும்பம், மெக்கானிக் வேலை தெரிந்தவர். அப்படிப்பட்டவருக்கே வருஷக்கணக்கில் திருத்தமும், வெளியிலிருந்து வடிவமைப்பு உதவியும் தேவைப்பட்டன. பிறகு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

கருவி ஓடத் தொடங்கியதும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை லிட்டர், எத்தனை நிமிஷம், எங்கே அடைத்தது, என்ன கழன்றது. ஒரு மாதம் ஆனதும் அதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், அதுவும் இயந்திரம் என்றால் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாளும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர் நோட்டில் எழுதியதை எடுத்துக்கொண்டுதான் மறுபடி பட்டறைக்குப் போகணும்.