பழைய கம்ப்யூட்டருக்கு எதுவரை செலவு செய்யலாம்?

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2014இல் அசெம்பிள் செய்து வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி போட்டு வரலாம் என்ற அளவுக்கு அது மெதுவானபோது, கேட்டவர்கள் எல்லாரும் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். நான் வாங்கவில்லை. இந்தக் கட்டுரையையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். முடிவெடுக்க எனக்கு உதவியவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: காப்பி

பழுது பார்ப்பதற்கு முன் புகைப்படங்கள், சான்றிதழ்கள், பென்ஷன் தாள்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். சர்வீஸ் கடையில் "ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்" என்று சொன்னால், பதறாமல் தலையாட்ட முடிய வேண்டும்.

மெதுவா, பழுதா?

இரண்டும் வேறு வேறு. மெதுவாக ஓடினால் விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு சும்மா இருந்தால் தடை ஹார்ட் டிஸ்க்கில். பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்ததுமே மெமரி நிரம்பினால் ராம் போதவில்லை. எதைத் திறந்தாலும் சிபியு உச்சத்திலேயே நின்றால், வைரஸோ தேவையற்ற புரோகிராமோ ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பிராசசருக்கு வயதாகிவிட்டது.

பழுதுகளில் பல சில்லறைச் செலவில் தீரும். தேதியும் நேரமும் அடிக்கடி பின்னால் போனால் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தேதி தவறாக இருப்பதால்தான் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறிது நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்தால், ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பீப் சத்தம் வந்து திரை கறுப்பாகவே இருந்தால், பிளக்கை உருவிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பை அழிரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும். அது போய்விட்டால் முழுதாக மாற்றுவதே சரி.

கூட வருமா, வராதா?

செலவுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சிஸ்டம் போன பிறகும் இந்தப் பாகம் என்னோடு வருமா?

எஸ்எஸ்டி வரும். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி அளவுக்குப் படிக்கும். சுழலும் தட்டு இல்லாததால், சிதறிக் கிடக்கும் சிறு ஃபைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. எங்கள் வீட்டில் நிலைமையை மாற்றியது அதுதான். வீட்டு உபயோகத்துக்கு 256 ஜிபி போதும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் இவையும் அடுத்த சிஸ்டத்துக்கு வரும்; தாராளமாகச் செலவழிக்கலாம்.

ராம் வராது. டிடிஆர்3 ஸ்டிக், டிடிஆர்4 போர்டில் பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. அதனால் சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய 4 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கிச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். மதர்போர்டு போனால் அங்கேயே கை கழுவிவிட வேண்டும். இந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் பழைய போர்டுதான் கிடைக்கும். அதன் ஆயுளுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிராசசரைப் புதுத் தலைமுறைக்கு மாற்றுவதென்றால் போர்டும் ராமும் சேர்ந்தே மாறும். அதைப் புதுச் சிஸ்டத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

விண்டோஸ் போடும் எல்லைக்கோடு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் வேண்டும். வன்பொருள் நன்றாக இருந்தாலும் பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டத்தில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். பிரவுசர், லிப்ரே ஆபிஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் இலவசமாகவே அமைந்தன. ஆனால் டேலியோ போட்டோஷாப்போ உங்கள் பிழைப்பு என்றால், தயங்காமல் புதிய சிஸ்டத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் வேலை நேரத்தில் கரைந்துவிடும்.

புதுசு என்றால் கடைப்பெட்டி மட்டும்தான் என்றில்லை. அலுவலகங்கள் மாற்றிவிட்ட ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர் வகை பெட்டிகள் புதுப்பித்து விற்கப்படுகின்றன. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் தனி அமைப்பு என்பதால், மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது "தூக்கிப் போடுங்க" என்று சொன்னால், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேளுங்கள். பதில் மதர்போர்டு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற எதுவாக இருந்தாலும், முதலில் விலையைக் கேளுங்கள்.