ஆட்குறைப்புக் காசு கிடைத்தாலும் சொக்சோவில் கேட்கலாமா?

பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்த நம்ம பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, கம்பெனி ஆட்குறைப்புக் காசு கொடுத்திருச்சு. இனி சொக்சோவுல ஒன்னும் தர மாட்டாங்கல்ல?"

தருவார்கள், தம்பி. அமெரிக்காவின் சில மாநிலங்களில் முதலாளி தரும் இழப்பீடு அரசு உதவித்தொகையைத் தள்ளிப்போடும். இணையத்தில் அதைப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. இங்கே கதை வேறு.

ஆட்குறைப்பு இழப்பீடு முதலாளியின் பையிலிருந்து வருவது. 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குள் என்றால் 15, அதற்கு மேல் 20. குறைந்தது 12 மாத சேவை வேண்டும். அந்தப் பையனுக்கு 140 நாள் சம்பளம்.

வேலை காப்புறுதித் திட்டம் தனி. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 ஜனவரியில் அமலானது. உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி பங்கு 0.2. மாதாமாதம் நீங்கள் கட்டிய காசு அது. முதலாளி இழப்பீடு கொடுத்தார் என்பதற்காக அதில் ஒரு வெள்ளியும் குறையாது.

வேலை தேடும் உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை. 2,500 வெள்ளிக்காரருக்கு முதல் மாதம் 2,000-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். சீக்கிரம் வேறு வேலை கிடைத்தால், மீதித் தொகையில் கால் பங்கு தருவார்கள். முதல் தடவை கேட்பவர் கடந்த 24 மாதத்தில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் தாண்டுபவர்களுக்கு அந்த வேலையில் இந்தச் சந்தா கிடையாது.

இப்போ முக்கியமான விஷயம். கையெழுத்துப் போடும் கடிதத்தைப் படியுங்கள். விருப்ப விலகல் திட்டம், அதாவது வி.எஸ்.எஸ்., வேலை இழப்பாகவே கணக்கில் வரும். ஆனால் காசைக் காட்டி, "சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதி வாங்கினால், அந்த ஒரு வரியே உங்கள் உதவித்தொகையைக் கெடுத்துவிடும். ஆட்குறைப்பு என்றால் கடிதத்தில் ஆட்குறைப்பு என்றே இருக்கட்டும்.

இன்னொன்று, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம்ம பையன் என்னைக் கேட்டபோது 51 நாள் ஓடியிருந்தது. அன்றிரவே கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம்.