மருந்தும் மறதியும்

உடற்பிணிகளுள் மிகக் கொடியது புற்றுநோய். அதனை வெல்ல மக்கள் கண்ட படைக்கலங்களுள் ஒன்று வேதிச் சிகிச்சை. கீமோதெரபி என மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், போர்க்களத்தில் உயிர் குடித்த கடுகு வாயுவின் இனத்தைச் சேர்ந்த பொருளொன்றை நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவர்க்குச் செலுத்தினர். கட்டிகள் சில காலம் சுருங்கின. நஞ்சு மருந்தாகும் வழி அன்று பிறந்தது.

இம்மருந்துகள் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிக்கும் இயல்பின. புற்றணுக்களோடு மயிர்க்கால்களிலும் வாயின் உட்புறத்திலும் உள்ள நல்லணுக்களும் அவற்றுக்கு இரையாகின்றன. ஆதலின் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. இவை கண்ணுக்குப் புலனாவன. புலனாகாத துன்பம் ஒன்றும் உண்டு. அது மறதியாகும்.

நெடுநாள் பழகியவர் பெயர் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுக்கும். படித்த பத்தியையே மீண்டும் படிக்க நேரும். அடுப்பில் பாலை வைத்தவர், வாயிலில் எவரோ அழைக்கச் சென்று, பாலை அறவே மறந்துவிடுவர். நோயாளர் பலர் இதனை எடுத்துரைத்தும், வெறும் மனக்கவலை என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர்.

இதன் காரணம் யாது? மின்கம்பியைச் சூழ்ந்த காப்புறைபோல், மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. செய்திகள் விரைந்து செல்ல அது துணை செய்யும். 2018-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக அறிஞர்கள் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை எலிகளுக்கு ஏற்றி ஆராய்ந்தனர். மூளையைக் காக்கும் நுண்ணணுக்கள் அம்மருந்தால் கிளர்ச்சியுற்றுப் பிற துணையணுக்களின் பணியைக் கெடுத்தன. உறை மெலிந்தது; நினைவும் குன்றியது. கிளர்ந்த அணுக்களை நீக்கியபோது எலிகள் தேறின. மனிதரிடத்தில் இரத்தச்சோகை, உறக்கக்குறை, மனக்கவலை ஆகியனவும் சேர்ந்து மறதியை வளர்க்கின்றன. சிகிச்சைக்கு முன்னரே அது தோன்றுதலும் உண்டு.

பெரும்பாலோர்க்கு இக்குறை சிகிச்சை முடிந்தபின் நாளடைவில் தணியும். சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இதற்கு அஞ்சி உயிர் காக்கும் மருந்தைத் துறத்தல் அறிவுடைமை ஆகாது. மருத்துவரிடம் மறையாது கூறுதல், செய்வனவற்றைக் குறித்து வைத்தல், ஒரு பொழுதில் ஒரு செயலே செய்தல், நாள்தோறும் நடத்தல், நன்கு உறங்கல் ஆகியன துணையாகும்.

சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. முடி வளர்ந்து முகம் தெளிந்தவரைக் கண்டு, நோய் முற்றும் நீங்கிற்று என உலகம் கருதும். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது, “இதுவும் நினைவில்லையா?” என்று எள்ளுதல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அவர் சொல் வரும்வரை பொறுமையுடன் காத்திருத்தலும் ஒரு மருத்துவமே.