நிறம் போனால் நஞ்சும் போய்விடுமா?

சாயக்கழிவு வாய்க்காலில் சிவப்பாகவோ நீலமாகவோ ஓடினால் முகம் சுளிக்கிறோம். அதே நீர் நிறமின்றி ஓடினால் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி சரிதானா? இந்த மாதப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

மரபணு நச்சு என்றால் என்ன?

நம் உடலின் செல்கள் எப்படி இயங்க வேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. சில நஞ்சுகள் உடனே வாந்தியும் மயக்கமும் தரும். வேறு சில, அந்தக் குறிப்பில் எழுத்துப் பிழையை உண்டாக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திக்கொள்ளும். திருந்தாமல் தங்குபவை பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம்.

1895-இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை எடுத்துச் சொன்னார். பென்சிடின் போன்ற அமீன் வகை இரசாயனங்கள் அதற்குக் காரணம் என்பது பின்னாளில் உறுதியானது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

1. ஏம்ஸ் சோதனை: 1970-களில் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து போதிய அளவு இல்லாத தட்டில் வளர்ப்பார்கள். சாதாரணமாக அது பெருகாது. சோதிக்கும் பொருள் மரபணுவை மாற்றினால், இழந்த திறன் சில பாக்டீரியாக்களுக்குத் திரும்பும். தட்டில் புள்ளி புள்ளியாக வளரும். அந்தப் பொருள் இடாத தட்டோடு ஒப்பிட்டுப் புள்ளிகளை எண்ணுவார்கள். சில பொருட்கள் ஈரலில் மாறிய பிறகே நஞ்சாகும் என்பதால் எலியின் ஈரல் சாற்றையும் சேர்ப்பதுண்டு. 1975-இல் ஏம்ஸ் குழுவினர் 169 தலைமுடிச் சாயங்களைச் சோதித்தபோது 150 சாயங்கள் மரபணுவை மாற்றக்கூடியவை எனத் தெரிந்தது.

2. வெங்காயவேர்ச் சோதனை: ஒரு வெங்காயத்தைக் கழிவுநீரிலும் இன்னொன்றை நல்ல நீரிலும் வேர்விட வைப்பார்கள். வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால், குரோமோசோம்கள் உடைந்திருக்கின்றனவா, பிரியாமல் ஒட்டியிருக்கின்றனவா என்பது தெரியும். செலவு குறைவு.

ஏன் இந்தச் சோதனை தேவை?

உப்பு, அமிலத்தன்மை, நிறம் ஆகியவற்றை அளப்பதோடு பல பரிசோதனைகள் நின்றுவிடுகின்றன. கழிவில் கலந்திருக்கும் எல்லா இரசாயனங்களையும் பெயர் சொல்லி அளக்க முடியாது. அவை சேர்ந்து உயிருக்கு என்ன செய்கின்றன என்பதை உயிர்தான் காட்ட வேண்டும். மேலும், அசோ வகைச் சாயத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது நிறம் மறையும்; ஆனால் நிறமற்ற அமீன்கள் மிஞ்சலாம். மூலச் சாயத்தைவிட அவை கொடியவையாகவும் இருக்கக்கூடும். இதனால்தான் 1990-களில் இந்திய அரசு பென்சிடின் சாயங்கள் உட்படப் பல அசோ சாயங்களைத் தடை செய்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. சோதனையில் நச்சு தெரிந்தால், அந்த நீரைத் தொட்டவர் அனைவருக்கும் புற்றுநோய் வரும் என்று பொருளல்ல. எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்றே பொருள். அதுபோல, ஒரு சோதனையில் தெரியவில்லை என்பதால் நீர் பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது. பல சோதனைகளைச் சேர்த்தே முடிவுக்கு வருவார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

• சாயம் கலந்த கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும். சாயமும் உப்பும் போகாது. குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

• சாயத் தொழிலில் இருப்பவர்கள் கையுறையும் முகமூடியும் அணியுங்கள். சாயக் கையோடு சாப்பிடாதீர்கள். வேலைத் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

• சிறுநீரில் இரத்தம் ஒருமுறை வந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், மருத்துவரைப் பாருங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

• நீரின் நிறமோ மணமோ மாறினால் தெருவாசிகள் சேர்ந்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மரபணு நச்சுச் சோதனையும் வேண்டும் என்று அதில் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தமான நீர் அல்ல. வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.