எந்தக் கோடு மாடலைச் சேர்ந்தது?

அன்புள்ள இளம் நண்பருக்கு,

கட்டடக்கலை முடித்து அலுவலகத்தில் சேர்ந்தவர் கைக்கு முதலில் வரும் வேலை பெரும்பாலும் டீட்டெயில்தான். ஜன்னல் சில், பாராபெட் முனை, கழிவறையின் சங்கன் ஸ்லாப், படிக்கட்டு நோசிங் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, "பழைய ப்ராஜெக்ட்டில் இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். ரெவிட் மென்பொருளில் அது சில நிமிட வேலை. அதற்குள் நீங்கள் ஒரு முடிவும் எடுத்துவிடுகிறீர்கள்: அந்த டீட்டெயில் கட்டடத்தின் முப்பரிமாண மாடலோடு ஒட்டியிருக்கப் போகிறதா, அதிலிருந்து துண்டித்து நிற்கப் போகிறதா? முடிவு எடுக்கிறோம் என்றே தெரியாமல் பலரும் இதை எடுத்துவிடுகிறார்கள். துண்டிப்பதை நான் குறை சொல்லவில்லை. பல டீட்டெயில்களைத் துண்டித்துத்தான் ஆகவேண்டும். எதைத் துண்டித்தோம் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் நினைவில்லாமல் போவதைத்தான் குறை சொல்கிறேன்.

கருவியின் இயல்பைக் கொஞ்சம் பார்ப்போம். ரெவிட்டில் ஒரு வெட்டுமுகத்தின் மேல் கால்அவுட் போட்டால், அதில் தெரியும் சுவரும் தளமும் மாடலுடையவை. சுவர் வகையை மாற்றினால் அங்கும் மாறும். டிராஃப்டிங் வியூ அப்படியல்ல. அது வெறும் தாள். மாடலின் ஒரு கோடுகூட அதில் கிடையாது. ஆர்க்கிகேடின் டீட்டெயில் கருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மாடலின் ஒரு பகுதியைக் கோடுகளாகப் பிரித்துத் தரும், மூலத்திலிருந்து மறுபடி உருவாக்கு என்று நீங்கள் கேட்டால்தான் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் ஷீட்டில் அச்சாகும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே கோட்டுத் தடிமன், அதே ஹேட்ச், அதே வட்டக் குறி. கான்ட்ராக்டருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. ஆறு மாதம் போனால் வரைந்தவருக்கே தெரியாது.

ஒரு ஜன்னல் சில்லை எடுத்துக்கொள்வோம். 230 மி.மீ. செங்கல் சுவர் என்று தொடங்கிய வேலை நடுவில் 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக்குக்கு மாறுகிறது, நம் ஊரில் இது சகஜம். கால்அவுட்டில் சுவர் 30 மி.மீ. ஒல்லியாகிவிடும். ஆனால் அதன் மேல் நீங்கள் வரைந்த பூச்சுக் கோடு, சீலன்ட், சில் கல்லின் அடியில் தண்ணீர் சொட்டுவதற்கான பள்ளம் எல்லாம், சுவர் முகத்தோடு பூட்டி வைத்திருந்தால் ஒழிய, இருந்த இடத்திலேயே நிற்கும். வரைபடம் அலங்கோலமாகிவிடும். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் உறுத்தும். இதே சில்லை டிராஃப்டிங் வியூவில் வரைந்திருந்தால் ஒரு அலங்கோலமும் இராது. சுவர் 230, அதற்கேற்ற ஃபிரேம், அதற்கேற்ற கிரானைட் அகலம், எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். சரிபார்ப்பவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உள்ளே பிழை கிடைக்காது, ஏனென்றால் பிழை வரைபடத்துக்கு உள்ளே இல்லை. வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கிறது. கல் அறுத்து சைட்டுக்கு வந்த பிறகுதான் அது வெளிப்படும். அதனால்தான் அரைகுறையாக இணைந்த அலங்கோல டீட்டெயில், சுத்தமாகத் துண்டித்த டீட்டெயிலைவிட மேலானது என்று சொல்வேன். அலுவலகங்களில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் மதிக்கிறார்கள். அச்சில் எது அழகாக வருகிறதோ அதற்குத்தான் பாராட்டு.

இந்த இடத்தில் மென்பொருள் நமக்குச் செய்யும் ஓர் உபகாரத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டோகேடில் 230 என்று அளந்த டைமென்ஷனின் மேல் 200 என்று தட்டச்சு செய்தால் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ரெவிட் மறுத்துவிடும், அளவுக்குப் பதிலாக வேறோர் எண்ணை எழுத அது விடாது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்து அதை ஏமாற்றும் வித்தை வரைபவர்களிடையே புழங்குகிறது. அந்த வித்தை தேவைப்படுகிற கணத்தில் கையை நிறுத்துங்கள். அந்த டீட்டெயில் கட்டடத்தை விட்டு விலகிவிட்டது என்று கருவியே சொல்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மாடலிலேயே செய்துவிடலாமே, துண்டிக்கும் பேச்சே வராதே என்று கேட்பீர்கள். மாடலில் எவ்வளவு விவரம் வேண்டும் என்பதற்கு எல்.ஓ.டி. 400 என்று ஒப்பந்தத்தில் எழுதும் வாடிக்கையாளர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அப்படிச் செய்ய முடியாது. ஒவ்வொரு சன்ஷேடின் அடியிலும் நீர்ப் பள்ளத்தை முப்பரிமாணத்தில் குடைந்தால் கோப்பு கனத்துப்போகும் என்பது சின்னக் காரணம்தான். பெரிய காரணம் வேறு. ரெவிட்டில் சுவருக்கோ தளத்துக்கோ மெம்ப்ரேன் என்று ஓர் அடுக்கு கொடுத்தால் அதன் தடிமன் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும், அது விதி. மொட்டைமாடியில் வெதரிங் கோர்ஸுக்கு அடியில் ஓடும் நீர்த்தடுப்பு அடுக்கு, பாராபெட் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, பூச்சுக்குள் எங்கே செருகி முடிகிறது, மழைநீர்க் குழாயின் வாயை எப்படிச் சுற்றி இறங்குகிறது என்பவைதான் ஒழுகலைத் தீர்மானிக்கின்றன. அந்த மூலை முடுக்குகளைப் பற்றித் தளத்தின் அடுக்குப் பட்டியலுக்கு ஒன்றுமே தெரியாது. மாடலுக்குத் தடிமனும் இடமும் தெரியும். திருப்பமும் செருகலும் தெரியாது. அவற்றைக் கையால் வரைந்துதான் ஆகவேண்டும். அதனால் துண்டிப்பு இருக்கத்தான் செய்யும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் நியாயமானது. ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்துகொண்டிருந்தால் சம்பளம் யார் கொடுப்பது? அலுவலகத்துக்கு டீட்டெயில் நூலகம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் ரெவிட்டில் இன்னொரு கோப்பிலிருந்து வியூவைச் செருகும்போது வருவது பிரதிதான். வந்த நொடியே அது நூலகத்தோடும் உறவை அறுத்துக்கொள்கிறது. நூலகத்தில் நாளை செய்யும் திருத்தம் இங்கே வராது. அதைவிட முக்கியம், பிரதி தன் பழைய ஊரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கோயம்புத்தூர் வீட்டுக்கு வரைந்த 75 மி.மீ. சன்ஷேட் டீட்டெயிலைச் சென்னைக் கடற்கரையோர வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஐ.எஸ். 456:2000 கான்கிரீட் நெறியின் அட்டவணைப்படி மிதமான சூழலில் கம்பிக்குக் கவர் 30 மி.மீ.; மேலும் கீழுமாக 60 போனால் மீதியில் கம்பியை நெருக்கி அடக்கிவிடலாம். கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட் அதே நெறியில் கடுமையான சூழலில் சேர்கிறது, கவர் 45. மேலும் கீழும் சேர்த்தாலே 90. கம்பி வைக்காமலேயே 75-ஐத் தாண்டிவிட்டது. அந்த சன்ஷேடின் தடிமன், லிண்டலோடு சேரும் இடம், எலிவேஷனில் தெரியும் விளிம்பு எல்லாமே மாறியாக வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்று விடமுடியாது. தடிமனை முதலில் வரைந்தது நீங்கள். ஆகவே நூலகத்தில் உள்ள ஒவ்வொரு டீட்டெயிலின் மேலும் அது எந்தச் சுவருக்கு, எந்தச் சூழலுக்கு, எந்தப் பூச்சுக்கு என்ற நிபந்தனை எழுதியிருக்க வேண்டும். அதன் எண்ணும் திருத்தத் தேதியும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நிபந்தனை எழுதாத டீட்டெயிலை நூலகத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

ஒரே டீட்டெயில் பத்து இடத்தில் வந்தால் பத்துப் பிரதி எடுக்காமல், ஒரு வியூவை வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலிருந்து அதையே சுட்டுங்கள். வேறு வியூவைக் குறிப்பிடும் வசதி இதற்குத்தான் இருக்கிறது. ஷீட் எண் மாறினால் வட்டக் குறிகள் தாமாகவே மாறும். குறிப்புகளையும் இப்படியே கீநோட் கோப்பில் ஒரு முறை எழுதுங்கள்.

கொத்தனார் வரைபடத்தைப் பார்ப்பதே இல்லை, பழக்கத்தில்தான் கட்டுகிறார் என்று கடைசியாக ஒரு ஆட்சேபம் வரும். பாதி உண்மை. அந்தப் பாதி, குறைவாக வரையுங்கள் என்றுதான் சொல்கிறது. செங்கல் கட்டுமானத்தை அவருக்கு வரைந்து காட்ட வேண்டியதில்லை. இரண்டு தொழில்கள் சந்திக்கும் இடத்தில், அதாவது சங்கன் ஸ்லாபில் பிளம்பரும் வாட்டர்ப்ரூஃபிங் ஆளும், ஜன்னலில் அலுமினியக்காரரும் பூச்சு வேலைக்காரரும் சந்திக்கும் இடத்தில், ஒருவர் பழக்கம் மற்றவருக்குத் தெரியாது. அங்கே வரைபடம்தான் நடுவர். அந்த நடுவர் சைட்டில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்: ஷீட்டில் ஒரு மூலையை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள், டைட்டில் பிளாக் போய்விடும். டீட்டெயிலின் எண்ணும் தேதியும் கோடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

செய்யவேண்டியது சிறிதுதான். வியூக்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் பாராமீட்டர் சேருங்கள்: இணைந்தது, அரைகுறை, துண்டித்தது. துண்டித்தது என்றால் எந்தச் சுவர் வகையை நம்பி வரைந்தது என்று இன்னொரு கட்டத்தில் எழுதுங்கள். வியூ லிஸ்ட்டில் இரண்டையும் நிரலாகக் காட்டுங்கள். சுவர் மாறும் நாளில் பழைய சுவரின் பெயரால் வடிகட்டினால் எந்த ஷீட்டுகளைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நிரப்ப வேண்டிய கட்டம் காலியாக உள்ள வியூவைக் கட்டுமானத்துக்கு வெளியிடும் ஜி.எஃப்.சி. செட்டில் சேர்க்காதீர்கள், மேலே இருப்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக தொழிலாளி