பழைய பொம்மை ரயில்: அசல் பாகமா, மறுதயாரிப்பா? உங்கள் ஸ்கேனரே சொல்லும்!

புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனருடன் கூடிய பிரிண்டரும் வாங்குபவர்கள் முதல் மாதம் ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்கேன் செய்வார்கள். அடுத்த மாதம் ஸ்கேனர் மூடியின் மேல் பூஜாடி ஏறிவிடும். இந்த மாதம் அந்த ஜாடியை இறக்கி வையுங்கள். ஸ்கேனரைப் பூதக்கண்ணாடியாகவும் அளவுகோலாகவும் பயன்படுத்துவது எப்படி என்று ஓர் உண்மையான வேலையை வைத்தே பார்ப்போம்.

ராசிபுரத்தில் என் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு ஹார்ன்பி டப்ளோ ரயில் செட் இருக்கிறது. அவருடைய அப்பா 1950களில் சென்னையில் வாங்கித் தந்தது. ஒரு டேங்க் என்ஜின், மூன்று வேகன்கள், தண்டவாளங்கள். வேகன் பெட்டிகளில் ஒன்று மட்டும் தொலைந்து போயிருந்தது. "1950களின் அசல் பெட்டி" என்று ஆன்லைனில் ஒருவர் விளம்பரம் செய்திருந்ததைப் பார்த்து ரூ.3,200 கொடுத்து வாங்கினேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கொஞ்சம் பிரமாதம் அதிகமாகவே இருந்தது. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

நாமக்கல், சங்ககிரி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. லாரிக்கு ஸ்பேர் வாங்கும்போது "கம்பெனி ஸ்பேரா, லோக்கலா?" என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. பொம்மை ரயிலுக்கும் அதே கேள்விதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901இல் மெக்கானோ விளையாட்டுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மெக்கானோ நிறுவனம் 1920இல் ஹார்ன்பி ரயில்களை வெளியிட்டது. இவை சாவி கொடுத்தால் ஓடும் பெரிய 'ஓ' கேஜ் ரயில்கள். தண்டவாள இடைவெளி 32 மில்லிமீட்டர். 1938இல் வந்த சிறிய ரகம்தான் டப்ளோ. இதன் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 1964இல் நிறுவனம் கை மாறியது. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. எனவே பழைய ரயிலுக்குப் புதிய பாகம் வேண்டுமென்றால் இன்று வேறு யாராவதுதான் செய்து தர வேண்டும். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு வகைகள்

1. அசல்: அந்தக் காலத்தில் அந்த நிறுவனமே செய்தது.
2. அதே அச்சு, வேறு தயாரிப்பாளர்: 1960களின் பிற்பகுதியில் மெக்கானோவின் டிங்கி கார் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இந்தியாவில் விற்பனையாயின. அடித்தகட்டில் டிங்கி என்ற பெயர் அழிக்கப்பட்டிருக்கும். அச்சு அசல்தான், ஆனால் பொருள் லிவர்பூலில் செய்ததல்ல.
3. மறுதயாரிப்பு: பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்து, புதிது என்று சொல்லியே விற்பது.
4. போலி: மூன்றாம் வகைப் பொருளையே அசல் என்று சொல்லி விற்பது.

மூன்றாவது வகை தவறே அல்ல. ஊட்டி மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எக்ஸ் வகை என்ஜின்களின் வடிவிலேயே 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய என்ஜின்களைச் செய்து தந்தது. அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை. செய்தவர் யார், செய்த ஆண்டு எது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடம் 1: பெட்டியையும் லேபிளையும் ஸ்கேன் செய்தல்

ஸ்கேனர் கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' என்று டைப் செய்து திறக்கவும். 'நியூ ஸ்கேன்' என்பதைக் கிளிக் செய்யவும்.
2. ரெசல்யூஷனை 1200 டி.பி.ஐ. என்று மாற்றவும். ஃபைல் வகையாக ஜேபெக் வேண்டாம். பி.என்.ஜி. அல்லது டிஃப் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நுண்ணிய விவரங்களைக் குழப்பிவிடும். நமக்குத் தேவை அந்த விவரங்கள்தான்.
3. 'பிரிவியூ' கொடுத்து, ஒரு அங்குலச் சதுரத்தை மட்டும் தேர்வு செய்யவும். இதை மறக்க வேண்டாம். முழு ஏ4 அளவை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 400 எம்.பி.க்கு மேல் இடம் தேவைப்படும், கம்ப்யூட்டர் திணறும். ஒரு அங்குலச் சதுரம் சுமார் 4 எம்.பி.தான்.
4. ஸ்கேன் செய்து சேவ் செய்யுங்கள். படத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பட்டைக்கோடுகளையும் எழுத்துகளையும் பெரும்பாலும் அந்தந்த நிறத்து மையையே கொண்டு அச்சடித்தார்கள். நீலம் என்றால் ஒரே நீல மை. பெரிதாக்கினாலும் நிறம் சீராக இருக்கும். இன்றைய பிரிண்டரில் எடுத்த நகலில் நீலம் என்பது வெளிர்நீலம், கருஞ்சிவப்புப் புள்ளிகளின் கூட்டம். எழுத்தின் ஓரமும் பூப்பூவாகச் சிதறியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெட்டியில் வண்ணப் படம் இருந்தால் அதிலும் புள்ளிகள் தெரியும். அக்கால வண்ணப் படங்களையும் புள்ளிகளால்தான் அச்சிட்டார்கள். எனவே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒற்றை நிறப் பகுதியை மட்டும் பாருங்கள். அதைவிட நல்ல வழி, சந்தேகமில்லாத பழைய பெட்டி ஒன்றையும் அதே அளவில் ஸ்கேன் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது.

இன்னொரு சோதனையும் உண்டு. ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இருட்டில் அட்டையின் மேல் அடியுங்கள். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950 வாக்கில்தான். 1930களின் பெட்டி என்று சொல்லி, அது பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால் நம்ப வேண்டாம். 1950களுக்குப் பிந்தைய பெட்டிக்கு இந்தச் சோதனை உதவாது.

பாடம் 2: அளவெடுத்தல்

தண்டவாளத் துண்டு ஒன்றைக் கவிழ்த்துக் கண்ணாடி மேல் நேராக வைத்து, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தைப் பெயிண்டில் திறந்து, 'செலக்ட்' கருவியால் இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே கட்டம் போடுங்கள். கீழே உள்ள பட்டையில் எத்தனை பிக்சல் என்று தெரியும்.

பிக்சல் எண்ணிக்கையை 25.4ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் மில்லிமீட்டர் வந்துவிடும். 756 பிக்சல் வந்தால் 32 மி.மீ., அதாவது ஓ கேஜ். 390 பிக்சல் வந்தால் 16.5 மி.மீ. இணைப்புக் கொக்கி, ஜன்னல் சட்டம், லேபிள் எல்லாவற்றையும் இதே முறையில் அளக்கலாம். ஒரு பொருளைப் பார்த்து அச்சு எடுத்து வார்க்கும்போது உலோகம் ஆறிச் சுருங்கும் என்பதால் நகல் வார்ப்பு பெரும்பாலும் அசலைவிட ஒரு மயிரிழை சிறியதாக வரும். கண்ணுக்குத் தெரியாதது பிக்சலில் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. இன்றைய மலிவான பிரிண்டர்களில் உள்ள ஸ்கேனருக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் மங்கிவிடும். எனவே என்ஜின், வேகன் போன்றவற்றை ஸ்கேன் செய்யாமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து செல்போனில் படம் எடுங்கள்.

பாடம் 3: உலோகப் பாகங்கள்

காந்தம்: தகரப் பாகத்தில் காந்தம் ஒட்டும். பித்தளையிலும் துத்தநாக வார்ப்பிலும் ஒட்டாது. தகரமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டவில்லையென்றால் அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது.

எடை: நகை எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு போதும். கையால் வார்க்கும் வெள்ளை உலோகம் மென்மையானது, பெரும்பாலும் எடை கூடியது. மேற்பரப்பில் குமிழித் துளைகளும் அச்சு சேர்ந்த கோடும் தெரியலாம்.

திருகு: நான்கு முனை ஸ்டார் திருகு 1930களில்தான் அமெரிக்காவில் அறிமுகமானது. போருக்கு முந்தைய இங்கிலாந்து ரயிலில் ஸ்டார் திருகு இருந்தால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேய்மானம்: சக்கரம் தேய்ந்து, அச்சாணி மட்டும் பளபளத்தால் யோசியுங்கள். உண்மையான தேய்மானம் விரல் படும் இடத்திலும், கொக்கி உரசும் இடத்திலும்தான் வரும். எல்லா இடத்திலும் சமமாகக் கீறியிருந்தால் யாரோ உப்புத்தாள் தேய்த்திருக்கலாம்.

சக்கரம்: துத்தநாக வார்ப்பில் ஈயம் போன்ற கலப்படம் துளி இருந்தாலும், பல ஆண்டுகளில் உலோகம் தானே விரிந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். போருக்கு முந்தைய ரயில்களில் இந்த நோய் அதிகம். எனவே 1930களின் என்ஜினில் சக்கரம் புத்தம் புதிதாக இருந்தால் அது மாற்றுச் சக்கரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக வருந்த வேண்டாம். அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் ரயில் ஓடாது.

பாடம் 4: பட்டியல் போடுதல்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மென்பொருளில் ஆறு பத்திகள் போடுங்கள்: பாகம், அளவு, எடை, காந்தம், கண்ட சான்று, முடிவு. முடிவுப் பத்தியில் 'அசல்', 'மறுதயாரிப்பு', 'சந்தேகம்' என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு சான்றை வைத்து 'அசல்' என்று எழுதக்கூடாது. குறைந்தது மூன்றாவது ஒத்துப்போக வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும்போது

* விற்பவரிடம் ஒற்றை நிறப் பகுதியின் நெருக்கமான படம், அடித்தகட்டின் படம், அளவுகோலுடன் ஒரு படம் கேளுங்கள். தர மறுப்பதும் ஒரு பதில்தான்.
* "பழைய பாணி", "அசல் போன்றது" என்றால் புதிது என்று பொருள்.
* விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விளம்பரத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாக்குவாதம் வந்தால் உதவும்.
* படத்தைக் கொடுத்துத் தேடும் வசதி, ஒரே படத்தைப் பல விற்பனையாளர்கள் போட்டிருக்கிறார்களா என்று காட்டும். ஆனால் பொருளின் வயதை அது உறுதி செய்யாது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

டப்ளோ மின்சார ரயில்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. பழைய டிரான்ஸ்ஃபார்மரின் ஒயர் ரப்பர் உதிர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லயனல் செட் என்றால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 110-120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகப் போட்டால் எரிந்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். தொட்டபின் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

பெட்டி என்ன ஆயிற்று?

என் ரூ.3,200 பெட்டியை ஸ்கேன் செய்தேன். நீலப் பட்டை முழுக்கப் புள்ளிகள். பெரியப்பாவின் மற்ற பெட்டிகளில் ஒரு புள்ளிகூட இல்லை. போலியேதான்.

இதற்கிடையில் ஈரோட்டிலிருந்து ஒருவர் செட்டை வாங்க வருவதாக இருந்தது. எல்லாப் பெட்டிகளும் அசல் என்றால் ஒரு விலை, இல்லையென்றால் குறைவு. அவரிடம் ஸ்கேனர் இருக்குமா என்ன? சொல்லாமல் விட்டால் என் பணமும் திரும்பிவிடும். பெரியப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கண்ணு, லாரிக்கு லோக்கல் ஸ்பேர் போடறது தப்பில்லை. கம்பெனி ஸ்பேர்னு பில்லு போடறதுதான் தப்பு. உன்னை ஏமாத்துனவனுக்கும் உனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?" என்றார்.

பெட்டியின் உள்மடிப்பில் 'மறுதயாரிப்பு' என்று எழுதி ஒட்டினேன். வந்தவரிடம் இரண்டு ஸ்கேன் படங்களையும் காட்டினேன். விலையைக் குறைத்தார். ஆனால் மற்ற பாகங்களைப் பற்றி நாங்கள் போட்ட பட்டியலை வரிக்கு வரி படித்துவிட்டு, அதிலிருந்த எதையும் பற்றி மறுகேள்வி கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கலாம். ரயிலே இருக்க வேண்டியதில்லை. பழைய ரேடியோ, கடிகாரம், கேமரா எதுவானாலும் இந்த நான்கு பாடங்களும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாகத்தை மட்டும் ஸ்கேன் செய்து தொடங்கிப் பாருங்கள்.